காவியத்தலைவன்: காலம் துலங்கிய படத்தில் கதை எங்கே நழுவியது?

கருவடிக்குப்பத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 13 அன்று நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி, மாலை சாத்தி, அவருடைய பாடல்களைப் பாடிவிட்டுப் போவார்கள். சிறு வயதில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு மதிலோரம் நின்றிருக்கிறேன். உள்ளே உறங்குகிறவர் யார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 2014 நவம்பர் இறுதியில் இயக்குநர் வசந்தபாலனின் ‘காவியத்தலைவன்’ வெளிவந்தபோது, நாசர் ஏற்ற சிவதாஸ் சுவாமிகள் என்ற பாத்திரத்தில் அந்தப் பெரியவரின் சாயலைப் பார்க்கப்போகிறோம் என்ற ஆவலோடு முதல் நாளே போய் அமர்ந்தேன். போன வாரம் அதை வீட்டில் மீண்டும் முழுவதுமாகப் பார்த்தேன். இத்தனை ஆண்டு கழித்தும் அன்று வந்த நிறைவும் அன்று வந்த ஏமாற்றமும் அப்படியே திரும்பி வந்ததால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படத்தின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய நாடகக் கம்பெனி வாழ்க்கையைத் தமிழ்த் திரையில் இவ்வளவு அக்கறையோடு எழுப்பிய முயற்சிகள் மிகக் குறைவு. ஓவியப் படுதாக்கள், விளக்கொளியில் மின்னும் ஜிகினா உடைகள், மேடைக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் வேடம் போட்டுவிடும் பிள்ளைகள், கொட்டகையின் அரையிருட்டு என்று நீரவ் ஷாவின் ஒளிப்பதிவில் வரும் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கலை இயக்குநர் சந்தானம் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய உழைப்பு மட்டும் அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது.

என் மனக்குறை கதையைப் பற்றியது. ராஜபார்ட் எனும் நாயக வேடம் யாருக்கு என்ற கேள்வி எழும்போது, பிருத்விராஜ் ஏற்ற கோமதி நாயகமும் சித்தார்த் ஏற்ற காளியும் சூரபத்மனாக நடித்துக் காட்டுகிறார்கள்; சிவதாஸ் சுவாமிகள் காளியைத் தேர்ந்தெடுக்கிறார். வருடக்கணக்கில் ஒழுங்காகப் பாடம் பண்ணியவன் பின்னே நிற்க, பிறவியிலேயே வரம் வாங்கி வந்தவன் முன்னே போகும் அந்தக் கணத்தில் ஒரு பெருங்கதைக்கான விதை முழுவதும் இருக்கிறது. அதன்பின் காதல், காட்டிக்கொடுத்தல், குருவின் சினம், ஒரு பெண்ணின் மரணம், வெளியேற்றம், சீரழிவு, மறுவருகை, விடுதலைப் போராட்டம், கொலை என்று அடுக்கடுக்காக வருகின்றன. ஒவ்வொன்றும் தனியே ஒரு படத்துக்குப் போதும். ஆனால் ஒன்றின் வயிற்றிலிருந்து அடுத்தது பிறக்கவில்லை. காட்சிக்குக் காட்சி படுதா மாறுவதுபோல முன்னது சுருட்டப்பட்டுப் பின்னது இறங்குகிறது.

என் எண்ணத்தைச் சுருக்கமாக வைக்கிறேன். இந்தப் படத்தில் காலம் துணியிலும் விளக்கிலும் இருக்கிறது, பாத்திரங்கள் எடுக்கும் முடிவுகளில் இல்லை. கோமதியின் பொறாமையை அப்படியே தூக்கி இன்றைய ஒரு மெல்லிசைக் குழுவில் வைத்தாலும் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது. அந்தக் காலத்தில் மட்டுமே, அந்தத் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு நெருக்கடி கதையின் அச்சாக அமைந்திருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும் என்று நம்புகிறேன். நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் இன்றைய நாவல் வாசிப்புப் பழக்கத்தோடு அந்தப் படத்தை அளக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. சாபம், சபதம், குருத்துரோகம், கற்பின் சோதனை, எதிர்பாராத மரணம் ஆகியவைதான் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களின் கட்டுமானமே. ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘பவளக்கொடி’ எதை எடுத்தாலும் நிகழ்ச்சிகள் பெரிய அலைகளாக வந்து மோதுகின்றன. மனத்தின் நுண்ணிய படிநிலைகளை யாரும் அங்கே தேடுவதில்லை. நாடகக்காரர்களைப் பற்றிய ஒரு படம் நாடகத்தின் அமைப்பிலேயே நகர்வது குறையாகாது. இயக்குநர் அறிந்தே எடுத்த முடிவாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூழலைக் காட்டுவதே ஒரு பெரும் பணி. என் மகள் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பாலர் கம்பெனி, அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழு, என்றால் என்ன என்று கேட்டாள். ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), ராஜபார்ட், பபூன் என்ற சொற்கள் எங்கள் வீட்டில் பேசப்பட்டது அன்றுதான். ஒரு காலத்தின் முகத்தைத் திருப்பித் தந்த படத்தை, கதை தளர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிக் கழிக்க என்னால் முடியாது.

பெட்டிக்காரர் மகன் (வில்லியனூர்)

கெடிலக்கரை அண்ணனுக்கு வணக்கம். என் தகப்பனார் புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் (எங்கள் வழக்கில் பெட்டி) வாசித்தவர். பிற்காலத்தில்தான் குடும்பம் வில்லியனூருக்கு வந்தது. பத்து வயது முதல் அவரோடு திருவிழா நாடகங்களுக்குப் போயிருக்கிறேன் என்ற உரிமையில் ஒரு மறுப்பைப் பணிவோடு வைக்கிறேன்.

சுவாமிகளின் நாடகங்களில் நிகழ்ச்சிகள் அலையலையாக வருகின்றன என்பது உண்மை. ஆனால் விடிய விடிய மக்களை உட்காரவைப்பது நிகழ்ச்சி அல்ல, தர்க்கம். ‘வள்ளி திருமணம்’ கதை தெரியாதவர் கூட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். முருகன் வள்ளியை மணப்பான் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் தினைப்புனத்தில் நாரதர் வந்து வள்ளியிடம் வாயைக் கொடுத்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அவர் ஒரு கேள்வி கேட்பார், அவள் மடக்குவாள், அவர் பாட்டாலே பதில் சொல்வார், அவள் அந்தப் பாட்டிலேயே ஓட்டை கண்டுபிடிப்பாள். ஒத்திகை கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் வேறோர் ஊரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து இறங்கியிருப்பார்கள். என் தகப்பனார் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டே வாசிப்பார். யார் எங்கே எடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியாது. வள்ளி சம்மதிக்க வேண்டும் என்பது விதி, எப்படிச் சம்மதிக்கிறாள் என்பதுதான் அந்த இரவின் கதை.

‘காவியத்தலைவன்’ படத்தில் எனக்குக் கிடைக்காதது இந்தத் தர்க்கம்தான். கோமதிக்கும் காளிக்கும் இடையே உள்ளதை அவர்கள் ஒருமுறைகூட நேருக்கு நேர் அமர்ந்து வழக்காடித் தீர்க்க முற்படவில்லை என்ற உணர்வோடுதான் நான் வெளியே வந்தேன். நாடகக்காரர்கள் பேச்சை ஆயுதமாகக் கொண்டவர்கள். அவர்களுடைய பகை மௌனமாகவும் சூழ்ச்சியாகவும் மட்டும் நகர்வது எனக்கு இயல்பாகப் படவில்லை. ஆகவே படம் நாடகத்தின் அமைப்பைக் கடன் வாங்கியது என்று ஒப்புக்கொண்டாலும், அந்த அமைப்பின் மேல்தளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அடித்தளத்தை விட்டுவிட்டது என்றே சொல்வேன்.

சூழல் முழுமையாக வந்துவிட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறீர்கள். அதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கண்ணுக்குக் காலம் கிடைத்தது, காதுக்குக் கிடைக்கவில்லை. மைக் இல்லாத நாளில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் எழுத்துப் பிசகாமல் கேட்க வேண்டும் என்பதற்காக ஐந்து கட்டை என்னும் உயர்ந்த ஸ்ருதியிலும் அதற்கு மேலும் பாடினார்கள். நாடக நடிகர் கிட்டப்பாவின் ‘எவரனி’ இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அந்தக் குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு எங்கோ தொலைவில் இருப்பவரை நோக்கிப் போகிறது. ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களைத் தனியாகக் கேட்டு நான் மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் மேடையில் ஒருவன் நின்று பாடும்போது என் காதுக்கு வரும் குரல் மைக்கோடு ஒட்டி நின்று மென்மையாகப் பாடும் குரலாக இருந்தால், கண் 1920களிலும் காது இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்திலும் தங்கிவிடுகின்றன.

வேடம் கலைப்பதைப் பற்றியும் ஒன்று. விடியற்காலையில் என் தகப்பனாரின் நண்பர், ராஜபார்ட் நடிகர், தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி முகத்தில் தேய்த்துப் பழைய வேட்டிக் கிழிசலால் துடைப்பார். கன்னமும் நெற்றியும் சீக்கிரம் வந்துவிடும். காது மடலின் பின்புறத்திலும் புருவ மயிரின் அடியிலும் முத்துவெள்ளை என்னும் வேடப் பூச்சு போகவே போகாது. இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதும் காதோரத்தில் அந்த வெள்ளை இருக்கும். பகலிலும் அரசன் முழுதாக அவரை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

தட்டி வேலை (முதலியார்பேட்டை)

நான் சினிமா ஆர்ட் டிபார்ட்மென்டில் தச்சு வேலையும் வண்ண வேலையும் செய்கிறவன். ‘காவியத்தலைவன்’ படத்தில் நான் வேலை செய்யவில்லை. ஆனால் காலப் படங்களுக்காகப் புதுச்சேரிக்கு வரும் குழுக்களோடு பல ஆண்டுகளாக உழைத்திருக்கிறேன், ஆகவே இந்த விவாதத்தில் என் அனுபவத்தையும் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊரின் பிரெஞ்சு வீதிகளில் ஒரு காலப் படத்தை எடுப்பது வெளியாட்கள் நினைப்பதைவிடக் கடினம். மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் இருக்கும். அதே சுவரில் ஏசி பெட்டியும் கேபிள் வயரும் மீட்டர் பெட்டியும் இருக்கும். நீல நிறத் தெருப்பலகைகள் பலவும் நம் காலத்தவை. அவற்றையெல்லாம் மறைக்கத் தட்டி அடித்து, சாரம் கட்டி, இரவோடு இரவாக வண்ணம் பூசி, காலையில் வீட்டுக்காரர் கேட்டைத் திறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

ஒரு படத்தில், பெயர் வேண்டாம், ஒரு பிரெஞ்சுக் கால வணிகரின் கணக்கறையை உருவாக்கச் சொன்னார்கள். நானும் இன்னும் மூவரும் ஒன்பது நாள் உழைத்தோம். பேரேட்டுத் தாள்களை டீ டிகாஷனில் நனைத்து, நிழலில் உலர்த்தி, ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டிப் பழசாக்கினோம். அதில் ஓர் எழுத்துக்காரரைக் கொண்டு மையால் பழைய தமிழ் எண்களிலேயே கணக்கு எழுதவைத்தோம். நெல், அவுரி, நீலத்துணி என்று பக்கம் பக்கமாக இருந்தது. படப்பிடிப்பு நாளில் நாயகன் அந்த அறைக்குள் வந்தார், சன்னலருகே நின்று கடலைப் பார்த்தார், திரும்பிப் போனார். பேரேட்டை ஒருவரும் தொடவில்லை. நான் இயக்குநரிடம் போய், இந்தக் கணக்கில் ஏதேனும் கதை இருக்கிறதா ஐயா என்று கேட்டேன். அறை மிகவும் நன்றாக இருக்கிறது, அது போதும் என்றார். அன்று எனக்குக் கூலி குறையவில்லை, பாராட்டும் கிடைத்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை.

அந்தப் பேரேட்டில் ஒரு தொகை குறைந்திருந்தால், அதை நாயகன் கண்டுபிடித்திருந்தால், அந்த அறை கதைக்குள் வந்திருக்கும். இதே ஊரில் வாழ்ந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை நீள்கிறது. அதில் யார் யாருக்கு எவ்வளவு வெகுமதி கொடுத்தார், எந்தக் கப்பல் என்ன சரக்கோடு வந்தது, யார் யாரைப் பற்றித் துரையிடம் கோள் சொன்னார் என்றெல்லாம் இருக்கிறது. ஒரு பொருளைப் பற்றிச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒருவருடைய ஆசையோ அச்சமோ இருக்கும். நாங்கள் செய்து தரும் பொருள்களுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

முத்தியால்பேட்டை வாசகி

தட்டி வேலை நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. இழையைத் தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் மட்டுமே நடக்கக்கூடிய நெருக்கடி எது? பாலர் கம்பெனி வாழ்க்கையைப் பற்றி அதில் வளர்ந்த நடிகர் டி.கே.ஷண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ நூலைப் படித்திருப்பவர்களுக்கு அது கண்முன்னே நிற்கும்.

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பாலர் கம்பெனியைத் தொடங்கியபோது ஷண்முகம் ஆறு வயதுப் பிள்ளை. அந்தச் சிறுவனை மனத்தில் வைத்து ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவர் நினைவுகூர்கிறார். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பாடம், பாட்டு, பிரம்படி, ஊர் ஊராகப் பயணம், வறுமைப்பட்ட வீட்டுக்கு அனுப்பும் சிறு தொகை என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் உலகம். பிள்ளையின் குரல்தான் குடும்பத்தின் வருமானம். அந்தக் குரலுக்கு ஒரு நாள் முடிவு வரும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்றுவரை வள்ளியாகவும் சாவித்திரியாகவும் பாடிய பையனின் தொண்டையில் இன்று வேறொருவன் வந்து உட்கார்ந்திருப்பான். சிலருக்கு நல்ல ஆண்குரல் அமையும், அவர்கள் ராஜபார்ட் ஆவார்கள். சிலருக்கு அமையாது, அவர்கள் படுதா இழுப்பவராகவும் சமையல்காரராகவும் அதே கம்பெனியில் தங்கிவிடுவார்கள், அல்லது சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போவார்கள்.

கோமதியின் பொறாமையை இந்த மகரக்கட்டின்மேல் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்திரீபார்ட்டில் ஊரையே கட்டிப்போட்ட ஒருவனுக்குக் குரல் உடைந்து கரகரத்துப் போகிறது. அதே பருவத்தில் இன்னொருவனுக்கு அது கனிந்து வருகிறது. இருவரில் யார்மேலும் குற்றமில்லை. குருவாலும் எதுவும் செய்ய முடியாது. இப்படிப்பட்ட பகை மெல்லிசைக் குழுவில் நடக்காது, கிரிக்கெட்டில் நடக்காது. அந்தக் கொட்டகையில் மட்டும்தான் நடக்கும்.

நான் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். போன ஆண்டு என் வகுப்பில் நன்றாகப் பாடும் ஒரு பையனுக்கு ஆண்டு விழா ஒத்திகையில் நடுச்சரணத்தில் குரல் பிளந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்த பார்வையில், டீச்சர், இதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும் என்ற நம்பிக்கை இருந்தது. அவன் பிழைப்பு அந்தக் குரலில் இல்லை. ஆகவே ஒரு வாரத்தில் மறந்துவிட்டான். அதே பார்வையைச் சிவதாஸ் சுவாமிகள் எதிரே நிற்கும் ஒரு பையனிடம் பார்த்திருந்தால் நான் அந்தப் படத்தை வாழ்நாள் முழுவதும் மறந்திருக்கமாட்டேன்.

கருவடிக்குப்பத்தான்

அம்மா, நான் சொல்லத் தெரியாமல் தடுமாறியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதோடு எங்கள் மண்ணுக்குரிய ஒன்றைச் சேர்க்கிறேன்.

1867இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். எமன், இரணியன், சனீசுவரன் போன்ற வேடங்களில் அவர் மேடைக்கு வந்தால் கூட்டம் நடுங்கும் என்றும், அந்த நடுக்கத்தால் நேர்ந்த ஒரு துயரத்துக்குப் பிறகுதான் அவர் நடிப்பதை விட்டு ஆசிரியராக இருந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். 1922இல் கம்பெனியோடு புதுச்சேரியில் இருந்தபோது, நவம்பர் 13 அன்று இங்கேயே மறைந்தார். தம் பாட்டைப் பிள்ளைகள் தவறாகப் பாடினாலும் திருத்தச் சொல் வராத ஆசிரியரை எண்ணிப் பார்க்கிறேன். உள்ளே ஓராயிரம் விருத்தங்கள் நிறைந்திருக்க, வாய் மட்டும் திறக்காத ஒரு மனிதர் பாயில் படுத்தபடி பக்கத்து அறைப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிக்குப் பெரிய செட் எதுவும் தேவைப்படாது.

இந்த ஊர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. நாடகங்களைத் தடைசெய்ய வழி தந்த ஆங்கிலேயரின் 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துதல் சட்டம் கடலூரில் செல்லும், இங்கே செல்லாது. பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் இங்கே தங்கியது அந்த எல்லையை நம்பித்தான். 1918 நவம்பரில் எல்லையைக் கடந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஒரு நாடகக் கம்பெனி தன் பெட்டிகளையும் படுதாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த எல்லையைக் கடக்கும்போது, எந்தப் பாட்டை இங்கே விட்டுவிட்டுப் போவது, எதை அங்கேயும் பாடுவது என்று வண்டிக்குள் நடக்கும் பேச்சு எப்படி இருந்திருக்கும்? படத்தின் பிற்பகுதியில் விடுதலைப் போராட்டம் வருகிறது. ஆனால் அது காளியின் புகழுக்கு இன்னொரு மாலையாக வந்து சேர்கிறதே தவிர, ஒரு நடிகன் ஒவ்வோர் இரவும் எடுக்க வேண்டிய முடிவாக எனக்குத் தெரியவில்லை.

கெடிலக்கரை

இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். தர்க்கத்தைப் பற்றித் தம்பி எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நாடகத்தின் அமைப்பு என்று நான் சொன்னது அரைகுறைப் புரிதல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிற்பகுதியைப் பற்றி நண்பர் சொன்னதை அப்படியே ஏற்க முடியவில்லை.

அந்தப் படம் ஒரே காளியின்மேல் பலருடைய வாழ்வைச் சுமத்துகிறது என்பதே என் கருத்து. கிட்டப்பா, அவர் மனைவியும் நாடக நடிகையுமான கே.பி.சுந்தராம்பாள் ஆகியோர் வாழ்வின் சாயல் அதில் உண்டு என்று படம் வந்தபோதே பேசப்பட்டது. 1933இல் இருபத்தேழு வயதில் கிட்டப்பா மறைய, அதன்பின் வெள்ளைப் புடவையிலேயே வாழ்ந்த சுந்தராம்பாளின் கதை தனி ஒரு காவியம். தேசபக்தி நாடகப் பகுதியைப் பார்க்கும்போது எனக்கு நாடக நடிகர் விசுவநாத தாஸ் நினைவுக்கு வருகிறார். 1886இல் சிவகாசியில் பிறந்து, வேடத்தோடு நின்றபடியே விடுதலைப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றவர் அவர்; 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்விட்டார். குருவின் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் இருக்கிறார். இத்தனை பேரையும் இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுவர நினைத்தால் எவருக்கும் போதிய இடம் கிடைக்காது. எழுதியவர்களுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை என்று சொல்வதைவிட, விட்டுவிட மனம் வராமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார்கள் என்று சொல்வதே பொருந்தும். அந்த ஆசையில் அன்பு இருக்கிறது. நம்முடைய நாடக மரபைப் பற்றி இன்னொரு படம் எப்போது வருமோ என்ற பதற்றம் இருக்கிறது. அதைக் குறையென்று சொல்லும்போதும் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்லுவோம்.

திருப்பாதிரிப்புலியூர் இளைஞன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே இயக்குநர் 2010இல் எடுத்த ‘அங்காடித் தெரு’ படத்தில் ஒரு துணிக்கடையின் விதிகளே கதையை நகர்த்தின. தங்குமிடம், சாப்பாட்டு வரிசை, மேற்பார்வையாளரின் அடி ஆகிய எதையும் எடுத்துவிட்டால் அந்தக் காதல் நடக்காது. அப்படி எழுதத் தெரிந்தவர் ஏன் இங்கே தடுமாறினார் என்பதுதான் என் கேள்வி.

தட்டி வேலை

தம்பி, என் அனுபவத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். வேறு காரணங்களும் இருக்கலாம். துணிக்கடையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் ஒன்று தவறினால் பார்ப்பவருக்கே தெரிந்துவிடும், ஆகவே எழுதுகிறவர் விதிகளைத் தேடிப் போகிறார். நூறு ஆண்டுக்கு முந்தைய கொட்டகையைக் கட்டும்போது, அதைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே பணமும் நாளும் மூச்சும் தீர்ந்துவிடுகின்றன. காலையில் கூட்டத்துக்கு உடை மாட்டி, தலைப்பாகை கட்டி, வாட்சைக் கழற்றவைத்து, மின்கம்பத்தை மறைத்து முடிக்கப் பத்தரை மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஒருவர் இந்தக் காட்சியில் இவன் ஏன் இப்படிப் பேசுகிறான் என்று கேட்டால், அவரை எல்லோரும் முறைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கேள்வி ஓராண்டுக்கு முன்பே, சுத்தியல் தூக்குவதற்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை வாசகி

காலாப்பட்டில் நம் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி தொடக்கி வளர்த்த நாடகத் துறை அது. மகரக்கட்டை மையமாக வைத்து ஒரு குறுநாடகம் எழுத எனக்கு ஆசை வந்துவிட்டது. அங்கே பயிலும் மாணவர்கள் யாரேனும் இந்த இழையைப் படித்தால் எழுதுங்கள். பெட்டிக்காரர் மகன் அவர்களே, குரல் உடைந்த பிள்ளைகளை உங்கள் தகப்பனார் எப்படி நடத்துவார் என்று நினைவிருக்கிறதா?

பெட்டிக்காரர் மகன்

நினைவிருக்கிறது அம்மா. என் தகப்பனார் காலத்தில் பாலர் கம்பெனிகள் இல்லை; ஆனால் பின்பாட்டுக்கு வரும் பையன்கள் உண்டு. ஒருவனுக்குக் குரல் உடைந்துவிட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த நாடகத்தில் அவன் பாட எடுக்கும்போது ஸ்ருதியை அரைக் கட்டை இறக்கிப் பெட்டியில் பிடித்துவிடுவார். அவன் தெரிந்துகொள்வான். கூட்டத்துக்குத் தெரியாது. மறுமுறை இன்னும் அரைக் கட்டை. மூன்று கட்டைக்கும் கீழே போய்விட்டால் அன்று இரவு பையனைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து, பெட்டியின் துருத்தியை மிதிக்கச் சொல்லிக்கொடுப்பார். என் அண்ணன் ஆர்மோனியக்காரர் ஆனது அப்படித்தான்.

வரும் நவம்பர் 13 காலை கருவடிக்குப்பத்துக்கு அண்ணனும் நானும் வருகிறோம். காலால் மிதித்து வாசிக்கும் தகப்பனாரின் பெட்டி இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. காது கேட்ட காலம் எப்படி இருந்தது என்று நான் எழுதிப் புரியவைப்பதைவிட, ஐந்து கட்டையில் ஒரு விருத்தத்தை எடுக்கச் சொல்லி நீங்களே கேட்டுவிடலாம். பெட்டியைப் பைக்கில் கொண்டுவர முடியாது என்பது ஒன்றுதான் சிக்கல்.

கெடிலக்கரை

என் காரில் பின்சீட்டை மடக்கினால் இடம் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் காலை 5 மணிக்குப் புறப்பட்டு, வில்லியனூர் சுற்றிக்கொண்டு வருகிறேன். தம்பி, பெட்டியின் நீள அகலத்தை மட்டும் எழுதுங்கள். மகளும் வருவாள்.